சேம அச்சு

உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகளைப் பற்றிப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் ஒரு செய்தி சொல்கிறார். காளைகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்குமோ, மேட்டில் ஏற வேண்டியிருக்குமோ, யாருக்கும் தெரியாது. ஆகவே வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டு வாழ்த்துகிறார் ஔவை. உவமையின் நயத்தைத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாராட்டி வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு பற்று உண்டு. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை எங்களுக்கும் அதுவே மாவட்டத் தலைநகர். மேடும் பள்ளமும் யார் அறிவார் என்ற அந்தக் கவலை எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றியதுதான் என்று நான் உரிமை கொண்டாடுவதுண்டு. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

அந்த மேடு பள்ளங்களின் மீது இப்போது ஆறு தடங்களில் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், ஐந்து மணியளவில், நண்பர் ஒருவரின் புதிய காரில் கிருஷ்ணகிரியிலிருந்து புறப்பட்டேன். நண்பருக்கு வேலை பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில். போவதற்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். திரும்புவதற்கும் அதே தொலைவு. வாரத்தில் ஐந்து நாள். காரின் முன்கண்ணாடி உச்சியில் ஒரு கேமராவும், முன்பக்கத்துக்குள் ஒரு ரேடாரும் இருந்தன. குருபரப்பள்ளியைத் தாண்டியதும் ஸ்டியரிங்கிலுள்ள பொத்தானை அழுத்தி எண்பது என்று வேகத்தை நிர்ணயித்துவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். முன்னால் லாரி குறுக்கிட்டால் கார் தானே வேகம் தணிந்தது. லாரி விலகினால் தானே விரைந்தது. வெள்ளைக் கோட்டை நெருங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஒரு சிறு உதறலோடு தன்னைத் திருத்திக்கொண்டது. மேலுமலை ஏற்றத்தில் நண்பர் பெருமிதத்தோடு என் பக்கம் திரும்பி, "இனிமே பெங்களூர்ல வீடு பார்க்க வேண்டியதே இல்லைங்க" என்றார்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வாக்கியம்தான்.

அவர் ஏன் இந்தச் சாலையில் காரோட்ட நேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்வது மைசூர்ப் பீடபூமியின் மேல் ஏறுவதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஏற்றம்தான் அரசியல் எல்லை. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அதில் சேர்ந்தது. மலைக்கு மேலிருந்த ஓசூர்ப் பகுதி, பாலாகாட் என்று ஆவணங்களில் சொல்லப்படுவது, 1799இல் திப்பு மாண்ட பிறகே கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த ஏழாண்டுகளும் இன்று அரை மணியில் கடக்கிற தொலைவு இரண்டு அரசுகளுக்கு இடைப்பட்ட தொலைவாக இருந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு வித்திட்ட காலமும் அதுவே.

எல்லை போனபின் படைகளும் பாரவண்டிகளும் இவ்வழியே ஏறி இறங்கின. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824இல் கம்பெனி படைக்குதிரைப் பண்ணை அமைத்தது. பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. பிறகு ரயிலும் வந்தது, அதுவும் எங்களுக்கு! இன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913இல் அங்கிருந்து ஓசூருக்கும் இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் போடப்பட்டன. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்ப்பதற்கென்று எண்ணிப் போட்டவை. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் இரண்டுமே மூடப்பட்டுவிட்டன. ஓசூருக்குப் பின்னர் சேலம்-பெங்களூர்ப் பாதையின் வழியே ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வரும் என்கிறார்கள், நாங்களும் தலையாட்டுகிறோம்.

ரயில் போன ஊரில்தான் தொழிற்சாலைகள் முளைத்தன. சிப்காட் நிறுவனம் 1971இல் தோன்றி, அந்தப் பத்தாண்டுக்குள் ஓசூரில் தொழிற்பேட்டையை உருவாக்கியது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை திறந்தது. அதே ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. தமிழ்நாட்டின் ஆசிரியர்களையும் பால்காரர்களையும் நெடுந்தொலைவு அலைய வைத்த புண்ணியம் அதற்கு உண்டு. 1980களின் நடுவில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது. 1999இல் அறிவிக்கப்பட்ட தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை-பெங்களூர்ப் பாதை எங்கள் ஊர் வழியே சென்றது. வடக்கு-தெற்கு வழித்தடமும் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் இடையில் இதே சாலையைத்தான் பகிர்ந்துகொண்டது. இரண்டு பெருவழிகளின் லாரிகளும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்ட இடம் இது. 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை திறந்தபோது பெங்களூர் இன்னும் கிட்டே வந்தது. கடந்த சில ஆண்டுகளில் ஓலா, ஏதர் மின்ஸ்கூட்டர் ஆலைகளும், கைபேசிப் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டன. வாகனம் செய்யவும், செய்யப் போகவும், செய்ததை ஏற்றிச் செல்லவும் ஒரே சாலைதான்.

இனி வண்டியோட்டிக்கு வருகிறேன். என் தாத்தா காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் புளி ஏற்றிப் போனவர். நான் பிறப்பதற்கு முன்பே வண்டி போய்விட்டது, கதைகள்தாம் மிச்சம். இரவில் நாலைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். ஊரைத் தாண்டியதும் முன்வண்டிக்காரர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் மூட்டையின் மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். சில இரவுகளில் முன்வண்டிக்காரரும் படுத்துவிடுவார். காளைகள் தாமே நடந்து, விடியும்போது சந்தை வாசலில் நிற்கும். "மாடு பள்ளத்துல எறங்காது. அதுக்கும் உசுரு இருக்குதில்ல" என்பாராம் தாத்தா.

வாகனம் தன்னைத்தானே செலுத்திக்கொள்ளும் கனவு அமெரிக்காவிலிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த வண்டிகளை மறந்துவிடுகிறார்கள். உலகமெங்கும் இழுவை விலங்குகள் இருந்தவரை இந்த உதவி இருந்தது. அதை ஒழித்தது மோட்டார். மோட்டார் வண்டி வந்த நாளில்தான் ஓட்டுகிறவன் முதன்முறையாகப் பாதையில் முற்றிலும் தனியனானான். அவன் கண்ணயர்ந்தால் அந்த வண்டியில் வேறெந்த உயிருக்கும் பயம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் வாகனப் பொறியியலை, காளையிடமிருந்து இழந்ததைத் துண்டுதுண்டாகத் திரும்பப் பெறும் முயற்சியாகவும் வாசிக்கலாம்.

அந்த வரிசையில் முதல் பெரும்பெயர் ரால்ஃப் டீட்டர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்காரர். ஐந்து வயதில் விபத்தொன்றில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பின்னர் பொறியியல் படித்து, எஞ்சின் பிஸ்டன் வளையம் செய்யும் நிறுவனமொன்றின் தலைவரானவர். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேசினால் வேகம் குறையும், கேட்டால் வேகம் கூடும் என்றும், பக்கத்தில் அமர்ந்திருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவியைச் சிந்தித்தார் என்றும் சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியபோது வைத்த பெயர் ஆட்டோ-பைலட். வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் ஒரு கருவிக்கு விமானியின் பெயர்! விளம்பரக்காரர்களின் வாய் அன்றைக்கே அவ்வளவு நீளம். க்ரூஸ் கன்ட்ரோல் என்ற அடக்கமான பெயரைப் பிறகு காடிலாக் கார்க்காரர்கள் வைத்தார்கள். காரே ஓட்ட முடியாத ஒருவர், ஓட்டுகிறவனின் கால் செய்யும் பிழையை உடம்பால் உணர்ந்து கண்டுபிடித்த கருவி இது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பயணியின் முதுகுக்குத் தெரிகிற பல உண்மைகள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் வேறொரு திசையில் உழைத்துக்கொண்டிருந்தார். போர்க்கால ரேடார்த் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் நேரம் செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்பது கேள்வி. எண்களில்லாத ஒரு கடிகாரத்தின் முன் ஆட்களை உட்காரவைத்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும்; எப்போதாவது ஒரு முறை இரண்டு படி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே வேலை. 1948இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணிக்குள்ளாகவே கவனம் சரியத் தொடங்குகிறது. அலுப்பான கண்காணிப்பில் கவனம் நெடுநேரம் நிலைக்காது என்பதை அளந்து காட்டியவர் அவர்.

டீட்டரின் கருவியும் மேக்வொர்த்தின் கடிகாரமும் பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தன. 1978இல் பூட்டிக்கொள்ளாத பிரேக் ஆன ஏ.பி.எஸ். வந்தது. 1999இல் மெர்சிடஸ் காரில் ரேடார் வைத்து, முன்வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் க்ரூஸ் கன்ட்ரோல் வந்தது. 2003இல் ஜப்பானில் ஹோண்டா, மோதல் நெருங்கினால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பையும், தடத்துக்குள் வண்டியைப் பிடித்துவைக்கும் ஸ்டியரிங் உதவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு இவை மொத்தமாக வந்துசேர 2020, 2021 ஆயிற்று, எம்.ஜி. குளோஸ்டர், மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700 முதலியவை முன்னோடிகள். அடாஸ் என்ற சுருக்கப்பெயர் இன்று கார் விற்பனையகங்களில் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது.

இடையில் 1983இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆலைகளின் கட்டுப்பாட்டறைகளைப் பற்றியது. இயந்திரம் எளிய பகுதிகளை எடுத்துக்கொண்டு, தன்னால் இயலாத கடினமான பகுதியை மட்டும் மனிதனிடம் விட்டுவைக்கிறது. அதே வேளையில் அந்தக் கடினமான பகுதிக்கு வேண்டிய பயிற்சியையும் விழிப்பையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். டீட்டரும் மேக்வொர்த்தும் அக்கட்டுரையில் கை குலுக்கிக்கொள்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு. நண்பரின் காரில் அமர்ந்திருந்தபோது அது கண்முன் நடந்தது. காலுக்கு வேலையில்லை. கைக்கு அரைகுறை வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம் என்று இயந்திரத்துக்கு அவ்வப்போது மெய்ப்பித்தால் போதும். கண்ணுக்கு மட்டும் பழைய வேலை அப்படியே. ஆனால் அதைச் செய்யத் தூண்டும் காலும் கையும் ஓய்ந்துவிட்டன.

இந்தச் சாலையில் கருவி உதவாது என்று சொல்ல வரவில்லை. உதவுகிறது. 2022ஆம் ஆண்டின் சாலை விபத்துகளில் நாடெங்கும் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களுள் 61,038 பேர், நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறக்குறைய இரண்டு விழுக்காடே ஆன தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். விபத்து வகைகளில் முன்னிற்பது பின்னாலிருந்து போய் மோதுவது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடி இமை மூடினால் ஏறத்தாழ 90 மீட்டர். அந்த இடைவெளியில் பிரேக்கைத் தானே மிதிக்கும் ஒன்று இருப்பது, வேகத்தை முழுவதும் கொல்லாவிட்டாலும், உயிர்போகும் மோதலை எலும்பு முறியும் மோதலாக மாற்றும். ஓட்டி முடித்தபின் முழங்காலில் வலி குறைந்திருக்கிறது என்று நண்பர் சொல்வதையும் நம்புகிறேன். அத்திப்பள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிவரை ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் நெரிசலில் கிளட்ச் மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கருவி பிறந்த சாலை வேறு. அங்கே எல்லோரும் ஒரே திசையில், தத்தம் தடத்தில், விளக்கெரியச் செல்கிறார்கள். எங்கள் சாலையில், அடுத்த திறப்புவரை போய்த் திரும்புவதற்குச் சோம்பி எதிர்த்திசையில் ஓரமாக வருகிற மொபெட் உண்டு. சர்வீஸ் சாலையிலிருந்து மூன்று தடங்களையும் குறுக்காக வெட்டி வலக்கோடிக்குப் போகும் தக்காளி வண்டி உண்டு. வலத்தடத்திலேயே நாற்பதில் செல்லும் கன்டெய்னர் உண்டு. எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது, பழுதாகி, பின்விளக்கில்லாமல், இரண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் அடையாளமாக வைத்து நிறுத்தப்பட்ட லாரி. வேகமாகச் செல்லும்போது அசையாமல் நிற்கும் பொருளை ரேடார் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று கார்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. நிற்கும் ஒவ்வொரு கம்பத்துக்கும் பலகைக்கும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி ஓடாது என்பதால் அமைப்பில் செய்துகொண்ட சமரசம் அது. பேரண்டப்பள்ளிக்கும் சானமாவுக்கும் அருகே தளி, ஜவளகிரிக் காடுகளிலிருந்து வரும் யானைகள் இரவில் சாலையைக் கடக்கின்றன. கருநிற யானை, கருநிறத் தார், விடியுமுன் இருள். அங்கே நண்பர் காலைத் திரும்ப ஆக்சிலரேட்டரில் வைத்துக்கொண்டு வேகத்தைத் தாமே குறைத்தார். எந்தக் கையேடும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சாலையில் வேலைக்குப் போகிறவர்களுள் காரில் போகிறவர்கள் மிகச் சிலர். பெருங்கூட்டம் கம்பெனி பஸ்களிலும் ஒப்பந்த வேன்களிலும், அதற்கும் வழியில்லாதவர்கள் இருசக்கர வண்டியிலும் போகிறார்கள். மேற்சொன்ன அறிக்கையில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இருசக்கர வண்டிக்காரர்கள்; அவர்களுக்கு ரேடார் இல்லை, ஹெல்மெட் இருந்தால் புண்ணியம். லாரிக்காரனின் கதை தனி. அசோக் லேலண்ட் 1960களின் இறுதியிலேயே கனரக வண்டிகளில் பவர் ஸ்டியரிங் கொண்டுவந்தது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நம் லாரிகள் ஆலையிலிருந்து கேபின் இல்லாத வெற்று அடிச்சட்டமாக வெளிவந்தன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தச்சர்கள் மரமும் தகரமும் அடித்து ஓட்டுநருக்குக் கூண்டு கட்டினார்கள். தொடைக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதிக்கும். புதிய லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமானது 2025 அக்டோபரில்தான். தானியங்கி பிரேக், தூக்க எச்சரிக்கை, தடம் விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கனரக வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. ஐரோப்பா தன் லாரிகளுக்கு 2013இலிருந்து தொடங்கியது. யார் அதிகம் களைக்கிறாரோ அவருக்குக் கருவி கடைசியில் வருகிறது. விலைப்பட்டியலின் தர்க்கம் அப்படி.

களைப்புக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 91ஆம் பிரிவில் அதே வரம்பை எல்லாப் போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கும் விரித்தது. ஏட்டில் அது எவ்வளவு அழகான சேம அச்சு! மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கும் ஒரு வேன் ஓட்டுநரிடம் நாளைக்கு எத்தனை மணி ஓட்டுகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஓட்டறது கம்மிதான் சார், காத்திருக்கறதுதான் ஜாஸ்தி" என்றார். காலை நாலு மணிக்கு முதல் நடை, நள்ளிரவுக்குப் பிறகு கடைசி நடை. இடையில் கிடைக்கும் இரண்டு மணி, மூன்று மணித் துணுக்குகளில் சீட்டில் சாய்ந்து உறங்கிக்கொள்கிறார். அந்தத் துணுக்குகள் எந்தப் பேரேட்டிலும் வேலை என்று எழுதப்படுவதில்லை.

நண்பரின் வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்செட்டி 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் எக்காலத்திலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிட்டு வந்திருக்கிறார்கள். வாகனம் விரைந்தால் மிச்சமாகும் நேரத்தை வீட்டில் கழிப்பதில்லை, இன்னும் தொலைவில் குடியேறி அதைச் செலவழித்துவிடுகிறார்கள் என்பது. ஒரு மணி என்ற அளவு எங்கள் ஊருக்குப் பொருந்தாது, நாங்கள் எப்போதோ அதைத் தாண்டிவிட்டோம். ஆனால் போக்கு பொருந்துகிறது. நடந்து போகிறவர்கள் சிப்காட் வாயிலை ஒட்டிக் குடியிருந்தார்கள். மொபெட் வந்தபோது ஓசூரின் சுற்றுக்கிராமங்களிலிருந்து வந்தார்கள். நாற்கரச் சாலை வந்தபோது சூளகிரியிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும். ஆறு தடமானபோது கிருஷ்ணகிரியிலிருந்து. இப்போது காலுக்கு ஓய்வு தரும் கார் வந்திருக்கிறது. கால் மிச்சப்படுத்தியதைத் தொலைவு எடுத்துக்கொள்ளும் என்று நான் அஞ்சுகிறேன். நண்பர் இரண்டாண்டுகளாகப் பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தவர். பிள்ளையின் பள்ளிக்கு அருகில், மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பக்கூடிய இடத்தில். அந்தத் தேடலைக் கைவிடச் செய்தது ஒரு பொத்தான். கருவி அவருடைய பயணத்தை எளிதாக்கியது மெய். பத்தாண்டுகளுக்கு அதை நீட்டித்ததும் மெய். அப்பத்தாண்டில் அவர் இழக்கப்போகும் மாலைகளைக் கணக்கிடும் கேமரா எந்தக் கண்ணாடியிலும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். "வாடகை எவ்வளவுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். நியாயமான பதில்தான்.

2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடியவாறு வடிவமைக்கப்பட்ட ரயில்கள். அவை தமிழக எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பாகத் திரும்பிப் போகின்றன. ஓசூர்வரை நீட்டுவது பற்றிய ஆய்வுகளும் கடிதங்களும் இரு மாநிலங்களுக்கிடையே உலவுகின்றன. மெய்யாகவே நெடும்பயணத்தின் களைப்பைப் போக்கக்கூடிய தானியங்கி எது என்று என்னைக் கேட்டால் அந்த ரயிலைத்தான் காட்டுவேன். அதில் தூங்கலாம், தாத்தாவைப் போல.

அன்று காலை சூளகிரியை நெருங்குகையில் காரின் திரையில் ஒரு சிறு காபிக் கோப்பை ஒளிர்ந்தது. ஸ்டியரிங்கின் நுண்ணசைவுகளைக் கவனித்து, ஓட்டுகிறவர் சோர்ந்திருக்கிறார் என்று கணித்துக் காட்டும் எச்சரிக்கை. 2000களின் பிற்பாதியில் வோல்வோவும் மெர்சிடஸும் தொடங்கிவைத்த வழக்கம். முந்திய இரவு வெகுநேரம் கண்விழித்ததாக நண்பர் ஒப்புக்கொண்டார். வண்டியை ஓரங்கட்டி ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். கடைக்கு முன்னால் ஒரு கம்பெனி வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் சீட்டைச் சாய்த்து, கால்களை ஜன்னலில் நீட்டி உறங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டாவது தேநீர் வாங்கியபோது கடைப்பையன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுப் போய் வேனின் கதவைத் தட்டினான். "அண்ணே, அஞ்சே முக்கால். எழுப்பச் சொன்னீங்களே." அவர் எழுந்து, குடத்திலிருந்து நீரெடுத்து முகத்தில் அடித்துக்கொண்டு, தேநீரை நின்றவாறே குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். காசு வாங்கினானா என்று பையனைக் கேட்டேன். மாசக் கணக்கு என்றான். தினமும் எழுப்புகிறாயா என்றேன். "நான் லீவுன்னா எங்கம்மா எழுப்பும் சார்."